மழைக்காலத்தில் அடி அழுகும் கள்ளிச்செடிகள்: தவறு தண்ணீரிலா, மண்ணிலா?

மாடிமுற்றம் (வேளச்சேரி, சென்னை), டிசம்பர் 6

அனைவருக்கும் வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். பால்கனி மேற்குப் பார்த்தது. பிற்பகல் இரண்டு மணிக்குமேல்தான் வெயில் விழும். கடந்த பிப்ரவரியில் சாலையோர நர்சரி ஒன்றில் ஏழு கள்ளிச்செடிகள் வாங்கினேன். "இவற்றுக்குத் தண்ணீரே தேவையில்லை, எப்போதாவது ஒரு கரண்டி ஊற்றினால் போதும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கோடையை எல்லாச் செடிகளும் குறையின்றிக் கடந்தன. நவம்பர் மழைக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன.

முதலில் போனவை இரண்டு மமிலேரியாக்கள், அதாவது சிறு உருண்டைக் கள்ளிகள். ஒரு நாள் காலை, தொட்டியைத் திருப்பி வைப்பதற்காகச் செடியை முள் குத்தாமல் மெல்லப் பிடித்தேன். செடி கையோடு வந்துவிட்டது, வேர் தொட்டியிலேயே நின்றது. அடிப்பகுதி தேன் நிறத்தில் கூழாகி, ஊறவைத்து மறந்துபோன பயற்றின் வாடை அடித்தது. மேலே முள்ளும் பச்சையும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தன என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

இப்போது சாத்துக்குடி அளவிலுள்ள கோல்டன் பேரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மண்ணை ஒட்டிய இடத்தைப் பென்சிலின் பின்பக்கத்தால் அழுத்தினால் உள்ளே அமுங்குகிறது. ஆனால் அதன் உச்சியில் வாங்கும்போது இருந்த இளஞ்சிவப்புப் பூ இன்றுவரை வாடவில்லை என்பதால், செடியில் இன்னும் உயிர் இருப்பதாக நம்புகிறேன். சிவப்புத் தலை கொண்ட மூன் காக்டஸின் பச்சைத் தண்டு கண்ணாடிபோல் ஆகிவிட்டது. 'பன்னி இயர்' என்று கொடுத்த தட்டைக் கள்ளியில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. மூன்று பட்டைகளாக உயர்ந்து வளரும் இன்னொன்றின் கிளை துணி காயப்போடும்போது ஒடிந்தது. அதிலிருந்து பால் சொட்டியது. அதுவும் நோயா?

மழைச்சாரல் எந்தத் தொட்டியிலும் நேராக விழவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், அவ்வளவுதான். இதைவிடக் குறைவாக எப்படி ஊற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. மிஞ்சியிருப்பவற்றையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.


கல்லும் மண்ணும் (தாம்பரம்), டிசம்பர் 7

வணக்கம் சகோதரி. பதினைந்து ஆண்டுகளாக மொட்டைமாடியில் கள்ளி வளர்க்கிறேன். முதல் மூன்று ஆண்டுகளில் நான் கொன்ற செடிகளின் எண்ணிக்கையைச் சொன்னால் நீங்கள் ஆறுதல் அடைவீர்கள்.

நீங்கள் ஊற்றிய தண்ணீரின் அளவை மறந்துவிடுங்கள். அது எத்தனை நாள் வேரில் தங்கியது என்பதுதான் கேள்வி. மமிலேரியாவின் தொட்டியில் நின்றுபோன வேரை எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மேலே மணலும் கூழாங்கல்லும் இருந்தாலும், வேரின் நடுவில் கோலிக்குண்டு அளவில் தேங்காய் நார்க்கழிவு உருண்டை ஒன்று இருக்கும் என்றே நினைக்கிறேன். நாற்றுப் பருவத்தில் சிறு குழித்தட்டுகளில் கோகோபீட் என்ற இந்த நார்க்கழிவை நிரப்பி வளர்த்து, அந்த உருண்டையோடு அப்படியே அழகுத் தொட்டிக்கு மாற்றி விற்பது வழக்கம். நார்க்கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். ஏப்ரலில் நீங்கள் ஊற்றிய கரண்டித் தண்ணீர் மறுநாளே உலர்ந்துபோனது. காற்றே ஈரமாயிருக்கும் நவம்பரில் அதே கரண்டித் தண்ணீர் உலரவேயில்லை, அதன்மேல் அடுத்த கரண்டியும் விழுந்துகொண்டிருந்தது. மேலே பச்சையாக இருந்ததற்குக் காரணம், கள்ளியின் உடலே ஒரு நீர்க்குடம் என்பதுதான். வேர் போன பிறகும் தன் சேமிப்பைக் கொண்டே அது வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும்.

கரண்டிக் கணக்கையே விட்டுவிடுங்கள். அந்த நீர் மேல்மண்ணையும் தண்டின் அடியையும் மட்டும் நனைத்துக்கொண்டே இருக்கிறது, கீழுள்ள நல்ல வேருக்குப் போய்ச் சேர்வதே இல்லை. ஊற்றும் நாளில் அடித்துளை வழியாக வழியும் அளவுக்கு ஊற்றுங்கள். பிறகு தொட்டி முழுவதும் காய்ந்து, அதற்குமேல் சில நாள் கழியும்வரை தொடாதீர்கள். காய்ந்ததா என்று அறிய ஈர்க்குச்சி ஒன்றைத் துளை வழியாகச் செருகி எடுத்துப் பார்த்தால் போதும். பழகிய பிறகு தொட்டியைத் தூக்கியவுடனேயே கை சொல்லிவிடும்.

கோல்டன் பேரலுக்கு வருகிறேன். முதலில் அந்தப் பூவைப் பற்றி, மனம் நோகாமல் கேளுங்கள். எக்கினோகாக்டஸ் குருசோனி என்ற அந்த இனம் பூப்பதற்குப் பல ஆண்டுகள் வளர்ந்து பெரும் உருண்டையாக வேண்டும். சாத்துக்குடி அளவில் அது பூப்பதே இல்லை. உங்கள் செடியில் இருப்பது உலர்ந்த காகிதப் பூ ஒன்றைச் சூட்டுப் பசையால் ஒட்டியது. பிடுங்காதீர்கள், வளர்முனையும் சேர்ந்து பெயர்ந்துவிடும். இதழ்களை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். மிஞ்சும் பசையைச் செடியே வளர்ந்து ஓரமாகத் தள்ளிவிடும்.

அமுங்கும் அடி அழுகல்தான். அழுகல் தினமும் மேலே ஏறும், ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போடாமல் இன்றே வெட்டுங்கள். செய்தித்தாளை நான்காக மடித்துப் பட்டையாக்கிச் செடியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கத்தியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, மென்மையான பகுதிக்குச் சற்று மேலே குறுக்காக அறுங்கள். வெட்டுவாயைக் கூர்ந்து பாருங்கள்: வெளிறிய பச்சைச் சதையின் நடுவில் நாணயம் அளவில் ஒரு வட்டம் தெரியும், அதுதான் நீர் ஏறும் குழாய்களின் வளையம். அந்த வளையத்தில் ஊசி குத்திய அளவில் பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தாலும் அழுகல் அந்தக் குழாய் வழியாக மேலே போய்விட்டது என்று பொருள். கத்தியை மறுபடி ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு இன்னொரு வில்லை அறுங்கள். வளையம் முழுவதும் வெள்ளையாகத் தெரியும்வரை நிறுத்தக்கூடாது. மனம் வராது, ஆனால் ஒரு புள்ளியை விட்டால் மொத்தமும் போய்விடும்.

பிறகு பென்சில் சீவுவதுபோல வெட்டின் விளிம்பைச் சுற்றிலும் சாய்வாகச் சீவிவிடுங்கள். காயும்போது நடுச்சதை உள்வாங்கும், தடித்த தோல் உள்வாங்காது. சீவாமல் விட்டால் அடி கிண்ணம்போல் குழிந்து, வளையத்திலிருந்து வரும் வேர் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கந்தகத்தூளோ காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியோ இருந்தால் லேசாகத் தூவலாம். இல்லையென்றாலும் பாதகமில்லை, காற்றோட்டம்தான் மருந்து. வெட்டுவாய் எதிலும் படாதபடி ஒரு டம்ளரின் வாயில் உட்காரவைத்து, மின்விசிறிக் காற்று படும் இடத்தில், நேர்வெயில் இல்லாமல் வைத்துவிடுங்கள். அவ்வளவு அகலமான வெட்டு ஆற மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை ஒரு சொட்டு நீரும் கூடாது.

ஓர் எச்சரிக்கை: வயதான கள்ளிகளின் அடியில் தோல் பழுப்பாகி மரப்பட்டைபோல் இறுகுவதுண்டு. அது முதுமை, நோயன்று. அழுத்தினால் கட்டையாக இருக்கும். இதை அழுகல் என்று எண்ணி நல்ல செடியை அறுத்தவர்களை அறிவேன். நானும் அவர்களில் ஒருவன்.

பால் வடிந்த செடி கள்ளி என்று அழைக்கப்பட்டாலும் காக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நம் சதுரக்கள்ளிக்கும் திருகுகள்ளிக்கும் உறவான யூபோர்பியா அது. பால் வடிவது அதன் இயல்பு. காக்டஸில் ஒவ்வொரு முள் கற்றையும் சிறு கம்பளித் திண்டு போன்ற புள்ளியிலிருந்து கிளம்பும்; யூபோர்பியாவில் அந்தத் திண்டு இருக்காது. அந்தப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் கண்ணுக்குக் கேடும் உண்டாகும். பட்டுவிட்டால் நிறைய நீரால் கழுவிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் அந்தத் தொட்டியைக் கொடிக்கயிற்றுக்கு அடியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

மூன் காக்டஸ் உண்மையில் இரண்டு செடிகள். சிவப்புத் தலையில் பச்சையம் இல்லை, தனியே வாழ அதனால் முடியாது. டிராகன் பழச் செடியின் மூன்று பட்டைத் தண்டில் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். கண்ணாடிபோல் ஆனது அந்தத் தண்டு. தலை இன்னும் கெட்டியாக இருந்தால், புதிய டிராகன் தண்டு ஒன்றின் நுனியைச் சமமாக அறுத்து, இரண்டின் நடு வளையங்களும் ஒன்றையொன்று தொடும்படி வைத்து, ரப்பர் வளையத்தால் தொட்டியோடு சேர்த்துக் கட்டி, பத்து நாள் நிழலில் வைத்துப் பார்க்கலாம். முதல் முயற்சியிலேயே பிடிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மண்ணுக்கு எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் கட்டட மணல்) செம்மண்ணும் சரிபாதி, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. எனக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.


நொய்யல்கரை (கோயம்புத்தூர்), டிசம்பர் 8

தாம்பரம் ஐயா சொன்ன வெட்டு வைத்தியத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மண் கலவையில் எனக்கு உடன்பாடில்லை, அதைச் சொல்லாமல் போகவும் மனமில்லை.

கட்டட வேலைக்கு இறக்கும் எம்-சாண்டில் கல் மாவு ஏராளம். அதை அப்படியே செம்மண்ணோடு கலந்து இரண்டு முறை நீர் ஊற்றினால் கொத்தனார் பூசிய தரைபோல் இறுகிவிடும். ஐயாவின் தொட்டிகள் மொட்டைமாடியில் நாள் முழுவதும் வெயிலில் இருப்பதால் அவருக்குச் சரியாக வருகிறது. மூன்று மணி நேர வெயில் மட்டுமே விழும் பால்கனியில் அது வராது. எம்-சாண்டை மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளைக் கோலத்துக்கோ வேறெதற்கோ வைத்துக்கொண்டு, மேலே நிற்கும் கல்லை மட்டும் கழுவி எடுங்கள். செங்கல்லை உடைத்து மிளகு முதல் கொண்டைக்கடலை வரையிலான அளவில் சலித்தெடுத்த துண்டுகள் இன்னும் நல்லவை, ஏனெனில் அவை நீரைச் சிறிது உறிஞ்சிக்கொண்டு காற்றுக்கும் இடம் விடுகின்றன. இப்படிப்பட்ட கல் மூன்று பங்கு, மட்கிய தொழுவுரமும் செம்மண்ணும் கலந்தது ஒரு பங்கு: பால்கனிக்கு இதுவே என் அளவு. கடற்கரை மணல் மட்டும் வேண்டாம், உப்பு.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பதும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. மேலடுக்கு முழுதும் ஊறி நிரம்பிய பிறகே சொட்டும். அதாவது, கல் அடுக்கு ஈரத்தை வேருக்கு அருகே உயர்த்திப் பிடித்துவைக்கிறது. ஒரே கலவையைத் துளைவரை நிரப்புங்கள். தொட்டி சுட்டமண்ணாக இருக்கட்டும். பளபளப்பான பீங்கான் தொட்டிக்குச் சென்னை மழைக்காலத்தில் வேலையில்லை.

இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது பருவத்தைப் பற்றியது. கள்ளி வளர்ப்பைப் பற்றி நாம் படிப்பவற்றில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. கோடையில் நீர் கொடு, குளிர்காலத்தில் நிறுத்து என்று அவை சொல்கின்றன. அங்கே குளிர்காலம் என்றால் உறைநிலையை ஒட்டிய குளிர். ஈரமும் உறைபனியும் சேர்ந்தால் செடி சாகும். சென்னையின் ஜனவரி இரவில் வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. கள்ளி தன் தண்டிலுள்ள நுண்துளைகளைப் பகலில் மூடிவைத்து இரவில் திறந்து மூச்சுவிடும் செடி; இரவு குளிர்ந்திருந்தால்தான் அது தாராளமாகத் திறக்கும். மே மாத இரவுகள் 28, 29 டிகிரியில் புழுங்கும்போது துளைகளை மூடிக்கொண்டு வேலைநிறுத்தம் செய்துவிடும். ஆகவே உங்கள் ஊரில் கள்ளி உண்மையில் வளரும் காலம் மழை ஓய்ந்த பொங்கலிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. அப்போது வாரம் ஒருமுறை நிறைய ஊற்றலாம். அக்னி நட்சத்திரத்தில் செடி வாடியதுபோல் சுருங்கினால் பதறி ஊற்றாதீர்கள். மாலையில் அளவாகக் கொடுத்து, பசுமை வலைக்கு அடியில் வைத்தால் போதும். அக்டோபர் பாதி முதல் டிசம்பர் இறுதிவரை நான் சென்னையில் இருந்திருந்தால் மாதம் ஒருமுறைக்கு மேல் ஊற்றியிருக்க மாட்டேன். எங்கள் ஊரில் மழை உங்கள் ஊரில் பெய்வதில் பாதிதான் என்பதால் எனக்கு அந்தக் கவலை குறைவு.

என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரா? தொட்டி விளிம்பிலும் செடியின் அடியிலும் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு சேர்கிறது. சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்கக்கூடாது என்று செடிகளுக்கு ஊற்றுகிறார்கள். உப்பெல்லாம் திரண்டு வருவது அந்த நீரில்தான், கள்ளிக்கு அது ஆகாது. மழைநீரைப் பிடித்துவைத்துக் கொடுங்கள், அல்லது ஏசியிலிருந்து சொட்டும் நீரைக் கொடுங்கள்.


மாடிமுற்றம் (வேளச்சேரி, சென்னை), டிசம்பர் 9

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு அறுத்துவிட்டேன். கோலிக்குண்டு கிடைத்தது! அதைப் பிழிந்தால், மூன்று வாரமாக யாரும் நீர் ஊற்றாத அந்தத் தொட்டியில் இருந்து, இன்னும் ஈரம் கசிகிறது. பூ பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு என் கணவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத இயலாது.

கேட்க மறந்த ஒன்று. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரம்ம கமலமும் ஒரு காக்டஸ்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பயந்துபோய் அதற்கும் நீரை நிறுத்திவிட்டேன், இலைகள் துவள்கின்றன. சரியா? பன்னி இயரின் வெள்ளைப் பஞ்சுக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.


தேரிக்காடு (திருச்செந்தூர்), டிசம்பர் 10

பஞ்சைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பக்கம் சப்பாத்திக்கள்ளியோடு வளர்ந்தவர்கள் நாங்கள். சிறுவயதில் அதன் சிவந்த பழத்தை மணலில் புரட்டி முள்ளைப் போக்கி, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுத் தின்று, உதடெல்லாம் சிவக்க வீட்டுக்குப் போய் அடி வாங்கியதுண்டு. உங்கள் பன்னி இயர் அந்தச் சப்பாத்திக்கள்ளியின் இனம்தான்.

ஒரு பல்குச்சியால் பஞ்சைத் தொட்டு வெள்ளைத் தாளில் நசுக்கிப் பாருங்கள். வெறும் மெழுகுபோல் வெளிறிய கறை வந்தால் மாவுப்பூச்சி. இரத்தச் சிவப்பாக வந்தால் கொச்சினீல், அதாவது சாயப்பூச்சி. இந்தப் பூச்சிக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் எடுக்கும் ஆசையில் உங்கள் வேளச்சேரிக்கு அருகிலுள்ள சைதாப்பேட்டையில் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. பின்னாளில் சப்பாத்திக்கள்ளி வயல்வெளியெங்கும் மண்டியபோது, அதை அழிக்க 1926இல் இன்னொரு வகைச் சாயப்பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே புதர் புதராகக் கள்ளி சரிந்தது. புதரையே சாய்த்த பூச்சி உங்கள் தொட்டிச் செடியை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

எதுவாயிருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பஞ்சையும் தொட்டுத் துடையுங்கள். வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் செய்தால்தான் புதிதாகப் பொரிப்பவையும் சாகும். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் மாலையில் மட்டும் தெளியுங்கள், எண்ணெய் பூசிய உடம்போடு வெயிலில் நின்றால் செடி வெந்துவிடும். மண்ணை மாற்றும்போது வேரையும் பாருங்கள். வேரிலும் அதே வெள்ளைப் பூச்சு இருந்தால் பழைய மண்ணை முழுவதும் கழுவிவிட்டு நட வேண்டும்.

பன்னி இயரில் நீண்ட முள் இல்லாததால் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். அந்த மஞ்சள் பொட்டு ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கி முட்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. விரலில் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள், வாயால் உறிஞ்சி எடுக்கவும் முயலாதீர்கள். செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும்.


மலைச்சாரல் (கண்டி), டிசம்பர் 11

பிரம்ம கமலத்துக்கு உடனே தண்ணீர் ஊற்றுங்கள், தயவுசெய்து.

பக்கத்து வீட்டில் சொன்னது சரிதான், அது காக்டஸ்தான். எபிபைல்லம் ஆக்ஸிபெட்டலம் என்பது பெயர். இங்கே நாங்கள் கடுபுல் என்போம், கேரளத்தில் நிஷாகந்தி என்பார்கள். இமயமலையில் பூக்கும் உண்மையான பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் இது பாலைவனக் காக்டஸ் அன்று. மெக்சிகோவிலும் அதன் தெற்கேயுள்ள நாடுகளிலும் மழைக்காட்டு மரக்கிளைகளில், மட்கிய இலைகளில் வேரோடித் தொங்குவது. நீங்கள் இலை என்று சொல்வதும் தட்டையான தண்டுதான்.

இந்தக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது; ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் எங்கள் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்கிறது. இங்குள்ள ஈரக்காடுகளில் மரக்கிளையிலிருந்து பச்சை நூற்கண்டு அவிழ்ந்ததுபோல் அது தொங்குவதைப் பார்த்தால், கள்ளிக்குத் தண்ணீர் பகை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆகவே அங்கே விலக்கிய கோகோபீட் இங்கே உதவும். இலைமட்கு, நார்க்கழிவு, கொஞ்சம் கரித்துண்டு. காலை வெயில் மட்டும். மேல்மண் காய்ந்தவுடன் நீர். உங்கள் மேற்குப் பால்கனியின் பிற்பகல் வெயிலில் அது மஞ்சளித்துப் போகும், உள்பக்கச் சுவரோரம் தள்ளி வையுங்கள். பெரிய தொட்டிக்கு அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்; வேர் சற்று நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கிறது. பூக்கும் இரவில் விழித்திருங்கள், விடியும்போது தலை தொங்கிவிடும்.


மாடிமுற்றம் (வேளச்சேரி, சென்னை), ஜனவரி 20

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். பிரம்ம கமலம் மூன்றே நாளில் நிமிர்ந்தது. பன்னி இயரின் பஞ்சை நசுக்கியபோது சிவப்பு வரவில்லை, மாவுப்பூச்சிதான்; நான்காவது வாரத் துடைப்போடு ஓய்ந்துவிட்டது. மூன் காக்டஸின் தலையை டிராகன் தண்டில் கட்டிப் பார்த்தேன், ஐந்தாம் நாள் ரப்பர் வளையம் நழுவி, தலை சமையலறை மேடையில் உருண்டது. அதை மறுபடி கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

கோல்டன் பேரலைத்தான் சொல்ல வேண்டும். முதல் வெட்டில் வளையம் பாதி பழுப்பு. இரண்டாவதில் ஏழெட்டுப் புள்ளிகள். மூன்றாவதில் ஒன்றே ஒன்று. அதை விட்டுவிடலாமா என்று கால்மணி நேரம் கத்தியை வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு ஐயா எழுதியதை மறுபடி படித்துவிட்டு நான்காவதாக அறுத்தேன். மிஞ்சியது அரைச் சாத்துக்குடி. அதை எவர்சில்வர் டம்ளரின் வாயில் வைத்து அலமாரியின் மேல்தட்டில் விட்டேன். வெட்டுவாய் முதலில் ஒட்டும் பதமாக இருந்து, பிறகு தோல்போலாகி, இப்போது தட்டினால் காய்ந்த கொட்டாங்கச்சிபோல் ஒலிக்கிறது. நேற்றுத் தூக்கிப் பார்த்தபோது வளையத்தின் ஓரத்தில் குண்டூசித் தலையளவில் இரண்டு வெள்ளை முளைகள். செங்கல் துண்டுகளைச் சலித்துக் கலவையும் தயாராக வைத்திருக்கிறேன். இப்போது நட்டுத் தண்ணீர் ஊற்றலாமா?


கல்லும் மண்ணும் (தாம்பரம்), ஜனவரி 20

நடலாம், ஊற்றக்கூடாது. செடியின் அகலத்தைவிட இரண்டு விரல் மட்டும் பெரிய சுட்டமண் தொட்டியில், முற்றிலும் உலர்ந்த கலவையின்மேல் உட்காரவையுங்கள். புதைக்க வேண்டாம், சாயாமல் இருக்கச் சுற்றிலும் நாலைந்து கல்லை முட்டுக்கொடுத்தால் போதும். பத்து நாள் கழித்து ஒரு மாலை, தொட்டியின் ஓரமாக மட்டும் சிறிது நீர் விடுங்கள். அதற்கு அடுத்த வாரம் மெல்ல அசைத்துப் பார்த்து, அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அன்று துளை வழியாக வழிய ஊற்றுங்கள். ஆறு வாரம் அலமாரியில் இருந்த செடியை நேரே வெயிலுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். தோல் வெந்து வெளிறும், அந்தத் தழும்பு பிறகு மறையாது. முதல் இரண்டு வாரம் பால்கனியின் உள்பக்கச் சுவரோரம், பிரம்ம கமலத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆனால் அதற்கு நீர் விடும்போது இதற்கும் சேர்த்து விட்டுவிடாதீர்கள். மண் கலவை விஷயத்தில் கோவைக்காரர் சொன்னதையே இந்த ஆண்டு நானும் நான்கு தொட்டிகளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அடுத்த நவம்பர் முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.